பதினாறு டிகிரி

"மேஸ்திரி, காருல எல்லாத்தையும் மாத்திட்டேன். இன்னும் கரும்புகைதான் வருது."

ராசாங்கம் சொன்னாரு.

ஜெயக்கொடி ஒரு ஜீப்புக்கு அடியில படுத்திருந்தா. காலு ரெண்டு மட்டும் வெளிய தெரிஞ்சுது.

"எல்லாத்தையும்னா?"

"ப்ளக்கு புதுசு. ஏர் பில்டரு புதுசு. இஞ்செக்டரக் கழட்டிக் கழுவி மாட்டியாச்சு. சைலன்சர் பைப்புல இருக்கற ஆக்சிஜன் சென்சாரு, அதுவும் புதுசு."

"அப்ப எல்லாத்தையும் மாத்தல."

"எப்படிச் சொல்றீங்க?"

"புகை வருதுல்ல."

காலு ரெண்டும் உள்ள போயிருச்சு.

*

மலை ரோடு ஏறி முடியற எடத்துல, செக்போஸ்டுக்குப் பக்கத்துல அந்த ஷெட்டு. மேகம் கதவத் தட்டாம உள்ள வரும். பங்குனி மாசம் கீழ ஊரே வெந்துக்கிட்டு இருக்கும்போதும், இங்க காலைல வாயத் தொறந்தா ஆவி பறக்கும்.

ஷெட்டு ஜெயக்கொடியோடது. அவளுக்கு நாப்பது. சிஷ்யன் ராசாங்கத்துக்கு அம்பத்தஞ்சு. அவ இவர அண்ணேம்பா. இவரு அவள மேஸ்திரிம்பாரு. அந்த மேட்டுல யாருக்கும் இது வினோதமாப் படல. ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சுன்னா, ரிப்பேரு பாக்கற ஆளோட வயசையா கேப்பான்?

ராசாங்கம் முன்ன எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டினவரு. சம்சாரம், பிள்ளைங்க சின்னதா இருக்கும்போதே செத்துப்போச்சு. ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டையும் இவருதான் சோறு பொங்கிப் போட்டு வளத்தாரு.

முந்தின வருசம் மார்கழியில, விடிஞ்சும் விடியாத நேரம், பையன் தினகரன் பைக்க எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கினான். பனி. வளைவு. எதிர்ல லாரி.

அன்னையிலருந்து ராசாங்கம் ஸ்டியரிங்கத் தொடல. கொஞ்ச நாள் கழிச்சு இந்த ஷெட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"ஏதாவது வேல குடு தாயி. கை சும்மா இருக்குது."

ஜெயக்கொடி ஏன் எதுக்குன்னு கேக்கல. ஒரு ஸ்பானர எடுத்து நீட்டினா. தாயி மேஸ்திரியானது அப்படித்தான்.

*

இப்ப இந்தக் காரு.

இருவது வருசத்துப் பழைய வண்டி. பழசுன்னாலும் கார்புரேட்டர் கெடயாது. உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்து, இவ்வளவு காத்துக்கு இவ்வளவு பெட்ரோலுன்னு அளந்து, இஞ்செக்டர் வழியா ஊத்துற ரகம். ராசாங்கம் இத வாங்குனது ஒரே ஒரு காரியத்துக்காக. வர்ற ஞாயித்துக்கிழம மதுரைக்குப் போயி, அங்க ஆஸ்பத்திரி லேப்புல வேல பாக்கற பொண்ணு வெண்ணிலாவ, பொட்டி படுக்கையோட ஏத்திக்கிட்டு வந்துரணும். இனி அவ பஸ்ஸு ஏறக்கூடாது, ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காரக்கூடாது, கண்ணு முன்னாலயே இருக்கணும். இதுக்காக ஸ்டியரிங்கப் பிடிக்கறதுன்னும் முடிவு பண்ணிட்டாரு.

ஆனா காரு ஒத்துக்கணுமே. காலைல ஸ்டார்ட் பண்ணா நல்லாத்தான் இருக்கும். கொஞ்சம் ஓடினதும் ஆரம்பிக்கும்.

புடு... புடு... லொக்.

புடு... புடு... லொக்.

மார்ச்சளிக்காரன் பீடி குடிச்ச மாதிரி. பின்னாடி கரும்புகை. ஷெட்டு முழுக்க பெட்ரோல் வாடை. செக்போஸ்ட்டு போலீஸ்காரர் கர்ச்சீப்பால மூக்கப் பொத்திக்கிட்டு, "வண்டியா ராசாங்கம், செங்கச் சூளையா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

*

அன்னைக்கும் ராசாங்கம் போன எடுத்தாரு.

அவரு போன் போடற கணக்கு அந்த மேட்டுக்கே தெரியும். "எந்திரிச்சிட்டியா?"ன்னு ஒண்ணு. அவ பல்லு வெளக்கி முடிக்கறதுக்குள்ள, "சுடுதண்ணியில குளி"ன்னு ஒண்ணு. "பஸ்ஸு ஏறிட்டியா?" "எறங்கிட்டியா?" ஏறினதுக்கும் எறங்கினதுக்கும் நடுவுல எடுக்கலையா, அந்த ஹாஸ்டல் வார்டனுக்கு அடிப்பாரு. அந்தம்மா வணக்கம் சொல்றத விட்டே ரொம்ப நாளாச்சு. எடுத்ததும், "நல்லா இருக்காங்க சார்"னுட்டு வச்சுரும்.

வெண்ணிலா எடுத்தா. மூச்சு விடாம, வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி ஒப்பிச்சா.

"சாப்பிட்டேன்ப்பா தூங்கினேன்ப்பா கதவப் பூட்டிட்டேன்ப்பா."

"என்ன சாப்பிட்ட?"

"அப்பா, போதும்ப்பா. ஞாயித்துக்கிழம மதுரைக்கு வராதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் கேளுங்க. நான் இங்க..."

"ஸ்வெட்டரு வந்துச்சா?"

"அப்பா, நான் சொல்றதக் கேளுங்கப்பா. நான்..."

"நீலக் கலரு. கழுத்து மூடுனாப்ல இருக்கும். பனி நேரத்துல வெளிய போகாத. போனா தலைல துண்டு கட்டிக்க. வச்சுரட்டா?"

வச்சுட்டாரு. வச்சதும் மொகத்துல ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எம்புட்டு நேரம் தாங்கும்? ஒரு டீ ஆறுற நேரம்.

ஜீப்புக்கு அடியில இருந்த ரெண்டு காலும் அசையாம இருந்துச்சு.

*

ஜெயக்கொடி வெளிய வந்தா. கையில ஒரு வெள்ளத் துணி. சைலன்சர் வாயில ஒரு நொடி காட்டி எடுத்தா. துணி கரிச்சட்டிக்கு அடி மாதிரி ஆகிப்போச்சு.

"என்னண்ணே இது?"

"கரி."

"எதுனால?"

"பெட்ரோல் ஜாஸ்தி மேஸ்திரி. எரிய மாட்டாம வெளிய வருது."

"எஞ்சினுக்கு அது போதலையா?"

"போதலையாவா? மூச்சே விட முடியாமத் திணறுது."

"ஊத்துறது யாரு?"

"கம்ப்யூட்டரு." ராசாங்கம் டேஷ்போர்டுப் பக்கம் பாத்தாரு. "அது கெட்டுப்போச்சு போல. வேற ஒண்ணு பாத்து மாத்திருவோமா?"

"அது கெட்டதில்லண்ணே. ரொம்ப நல்லது."

"பெறகு ஏன் இப்படி ஊத்துது?"

"நல்லதா இருக்கறதுனாலதான்."

டீக்கடைப் பக்கம் நடந்து போயிட்டா. ராசாங்கம் அந்தத் துணியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பாத்து என்ன ஆகப்போகுது? ரெண்டு பக்கமும் கரிதான்.

*

மறுநாள், வண்டி லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு இருக்கும்போது, ஜெயக்கொடி குனிஞ்சு சைலன்சர் பைப்புக்கு வர்ற ஒரு ஒயரப் புடிச்சா. இவரு புதுசா மாட்டுன ஆக்சிஜன் சென்சாரோட ஒயரு.

"இது எதுக்குண்ணே?"

"வெளிய போற புகையப் பாத்து, பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுக்கு."

"சத்தத்தக் கேட்டுக்கங்க."

ஒயரப் புடுங்கினா.

புடு... புடு... லொக்.

திரும்ப மாட்டினா.

புடு... புடு... லொக்.

மறுபடி புடுங்கினா. மறுபடி மாட்டினா.

"என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லியே மேஸ்திரி. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." ராசாங்கத்துக்குக் கோவம் வந்துருச்சு. "புதுசுன்னு சொல்லி ஓட்டையக் கட்டிவிட்டுட்டான் கடைக்காரன்."

ஜெயக்கொடி மீட்டர் பெட்டிய எடுத்து, அந்தச் சென்சாரோட ஒயர்ல வச்சுக் காட்டினா. முள்ளு துள்ளிப் போயி ஒரு ஓரத்துல நின்னுச்சு.

"பாருங்க. அது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. போதும், போதும், போதும்."

"பெறகு கம்ப்யூட்டருக்குக் காது கேக்கலையா?"

"கேக்கும்."

"மேஸ்திரி, சுத்தி வளைக்காம நேராச் சொல்லுங்களேன். நாளைக் கழிச்சு ஞாயித்துக்கிழம."

"வண்டி உங்களுது."

பத்து மணி மதுரை பஸ்ஸு கீழ ஹாரன் அடிச்சுச்சு. ராசாங்கம் எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு, பையத் தூக்கிக்கிட்டு ஓடினாரு. தினமும் இந்த பஸ்ஸுலதான் பார்சல் போகும். ஊறுகாயி, ரசப்பொடி, இஞ்சி மொரப்பா. இந்த வாரம் ஸ்வெட்டரு.

கண்டக்டரு பையத் தொறந்து பாத்தாரு.

"மறுபடியும் ஸ்வெட்டரா? அண்ணே, மதுரைல மனுசன் சட்டையவே கழட்டிட்டுத் திரியறான்."

"குளுருதுல்லப்பா."

"இங்க குளுருதுண்ணே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கண்டக்டரு சீட்டுக்கு அடியிலருந்து ரெண்டு பைய எடுத்து நீட்டினாரு. "முந்தாநாள் பார்சலு. நேத்துப் பார்சலு. வாங்கிக்க யாரும் வரல."

"டூட்டியா இருந்திருப்பா."

ரெண்டு பைய வாங்கிக்கிட்டு, மூணாவது பையக் குடுத்துட்டு வந்தாரு.

*

சனிக்கிழம காலைல ஜெயக்கொடி வரும்போது ராசாங்கம் காருக்குள்ள ஸ்கேனர் பெட்டிய மாட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. மொகத்துல பரீட்சையில தப்பே விடாத பையனோட களை.

"மேஸ்திரி, எல்லாச் சென்சாரையும் கம்ப்யூட்டர் வழியாப் பாத்துட்டேன். எஞ்சின் தண்ணியோட சூடு பதினாறு டிகிரி காட்டுது. வெளிய சுவத்துல மாட்டியிருக்கற தெர்மாமீட்டரும் பதினாறு. அச்சு அசல். சென்சாரு சுத்தம்."

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான். காலைல."

"நேத்து?"

"காலைல."

"அதுக்கு முன்ன?"

"காலைலதான் மேஸ்திரி. வண்டி ஓடிச் சூடாச்சுன்னா கை வெந்துருது. அப்புறம் பத்து மணிக்கு..."

பக்கத்துல இருந்த பார்சல் பையப் பாத்தாரு.

"இன்னைக்குப் பத்து மணிக்குப் போகாதீங்க" அப்படின்னா ஜெயக்கொடி.

"பார்சலு?"

"போகாதீங்க."

"மேஸ்திரி, அவ பாத்துக்கிட்டு இருப்பா."

ஜெயக்கொடி சாவியத் திருப்பி எஞ்சின ஓட விட்டா. ஒரு ஸ்டூல இழுத்துக் காருக்கு முன்னால போட்டு, உக்காருங்கங்கற மாதிரி காட்டினா.

ராசாங்கம் உக்காந்தாரு.

கீழ பஸ்ஸு வந்து நின்னுச்சு. பாம். இவரு எந்திரிச்சாரு. ஜெயக்கொடி திரும்பிக்கூடப் பாக்கல. உக்காந்தாரு. பாம் பாம். கையி பையோட காதப் புடிச்சு முறுக்குச்சு. கண்டக்டரு கழுத்த நீட்டி மேல பாத்தாரு. பாம்ம்ம்னு நீளமா ஒண்ணு. பெறகு பஸ்ஸு வளைவுல எறங்கி மறைஞ்சுபோச்சு.

தினகரனும் அந்த வளைவுலதான் மறைஞ்சான்.

ராசாங்கத்தோட மூச்சு வாயிலருந்து வெள்ளையா வந்து வந்து போச்சு.

*

எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சத்துல அந்த இருமலும் ஆரம்பிச்சுருச்சு. புடு... புடு... லொக். கரும்புகை எழுந்து மேகத்தோட கலந்துச்சு.

"எஞ்சின் சூடாயிருச்சாண்ணே?"

டேஷ்போர்டப் பாத்தாரு. சூடு காட்டற முள்ளு சரியா நடுவுல நின்னுச்சு.

"ஆயிருச்சு மேஸ்திரி."

"கைய வச்சுப் பாருங்க."

ரேடியேட்டருக்குப் போற ரப்பர் குழாயில கைய வச்சாரு.

"ஸ்ஸ்ஸ்!"

வெரல வாயில வச்சுக்கிட்டாரு.

"இப்பக் கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

ஸ்கேனரப் பாத்தாரு.

பதினாறு.

பெட்டியத் தட்டினாரு. ஒயர அழுத்தினாரு. ஆப் பண்ணி ஆன் பண்ணினாரு.

பதினாறு.

"முள்ளு நடுவுல நிக்குதே மேஸ்திரி?"

"அந்த முள்ளுக்குத் தனிச் சென்சாரு. கம்ப்யூட்டருக்குத் தனிச் சென்சாரு. ஒரே தண்ணியிலதான் ரெண்டும் நிக்குது. ஒண்ணு வெளிய பாக்கறவங்களுக்கு. ஒண்ணு உள்ளுக்கு."

"உள்ளுக்குச் சொல்றது..."

"செத்துப்போச்சு. ஒரு பனிக் காலைல. அன்னைக்கு என்ன குளுரு இருந்துச்சோ, அதையே சொல்லிக்கிட்டு இருக்கு."

எஞ்சின் இருமுச்சு.

"அப்ப கம்ப்யூட்டரு..."

"எஞ்சின் குளுர்ல வெறைக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. வெறைக்கற எஞ்சினுக்கு நெறய ஊத்தணும்ல? ஊத்துது. ராத்திரி பகலா ஊத்துது. நல்ல கம்ப்யூட்டர்ண்ணே அது."

ராசாங்கம் திரும்பிச் சைலன்சரப் பாத்தாரு.

"அந்தச் சைலன்சர் சென்சாரு போதும் போதும்னு சொல்லுச்சே மேஸ்திரி. அதையாவது கேட்டுருக்கலாம்ல?"

"குளுரு விடற வரைக்கும் அது பேச்சக் கேக்கக்கூடாதுன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு."

"குளுரு விட்டாச்சே."

"யாரு சொன்னா அதுக்கு?"

*

ஷெட்டுக்குப் பின்னாடி, மரத்து மேல மோதி நசுங்குன அதே ரகக் காரு ஒண்ணு கெடந்துச்சு. எஞ்சின் ஆறுனதும் ஜெயக்கொடி அதுலருந்து கட்ட வெரல் பருமன்ல ஒரு சென்சாரக் கழட்டிக் கொண்டாந்து இவரு உள்ளங்கையில வச்சா.

ராசாங்கமே மாட்டினாரு. ஸ்பானரு ரெண்டு தடவ வழுக்குச்சு. ஜெயக்கொடி ஒத்தாசைக்கு வரல.

ஸ்டார்ட் பண்ணினாரு.

பதினெட்டு. இருவத்தஞ்சு. நம்பரு ஏறுச்சு.

நாப்பது. கரும்புகை சாம்பல் ஆச்சு.

அறுவது. புகையே கண்ணுக்குத் தெரியல. இஞ்செக்டர் சொடக்குப் போடற சத்தம் மெலிசாயிக்கிட்டே போச்சு.

ராசாங்கம் எஞ்சின் பக்கம் காதச் சாச்சாரு.

"கொறைக்குது மேஸ்திரி."

"ம்."

"இன்னும் கொறைக்குது. இம்புட்டுத்தான் குடுக்குது. நின்னுபோயிராதா?"

ஜெயக்கொடி அவரு கையப் புடிச்சா. வெந்த வெரலு படாம, உள்ளங்கைய மட்டும் எஞ்சின் மூடி மேல வச்சு அழுத்தினா.

உம்ம்ம்ம்ம்ம்.

இருமல் இல்ல. திணறல் இல்ல. தூங்கற கொழந்தையோட நெஞ்சு மாதிரி ஒரே சீரா ஓடுச்சு.

ராசாங்கம் கைய எடுக்கல. கண்ணுலருந்து தண்ணி பாட்டுக்கு வழிஞ்சுது. தொடைக்கவும் இல்ல.

"நாளைக்கு மதுரைக்குப் போயிருவீங்களாண்ணே, இந்த வண்டியில?"

"போயிரும் மேஸ்திரி. வண்டி போயிரும்."

ஜெயக்கொடி ஸ்பானர் ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சா. முதுகு இவரு பக்கம்.

ராசாங்கத்தோட இன்னொரு கையி, அதுபாட்டுக்குப் போன எடுத்துச்சு. அதுபாட்டுக்கு அமுக்குச்சு.

"சாப்பிட்டேன்ப்பா தூங்கினேன்ப்பா கதவப் பூட்டிட்டேன்ப்பா."

ராசாங்கம் போனக் காதோட அழுத்திக்கிட்டாரு.

"அப்பா?"

எஞ்சின் ஓடுற சத்தம் மட்டும்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? என்னாச்சுப்பா? அப்பா!"

"ஒண்ணுமில்லம்மா."

"பெறகு ஏன் பேசாம இருக்கீங்க?"

"வெண்ணிலா." கை இன்னும் எஞ்சின் மூடி மேலதான் இருந்துச்சு. "அங்க எப்படிம்மா இருக்கு? குளுருதா?"

கட்டாயிருச்சோன்னு போனக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்தாரு. கட்டாகல.

"அப்பா, நான் மதுரைல இல்லப்பா." ரொம்பச் சின்னக் கொரலு. "வேலைய விட்டுட்டு வந்து நாலு நாளாச்சு. வேற ஊரு. வார்டன்கிட்டயும் நான்தான் சொல்ல வேண்டாம்னேன். உங்ககிட்டச் சொன்னேன்ப்பா. எத்தன தடவ சொன்னேன்."

பின்சீட்டுல மூணு பையி இருந்துச்சு. மேல இருந்த பையில ஸ்வெட்டரோட நீலக் கையி ஒண்ணு வெளிய தொங்குச்சு.

எந்த ஊரு, யாரு கூட இருக்க, கதவுக்குத் தாப்பா இருக்கா, தண்ணி நல்ல தண்ணியா... அம்புட்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுச்சு.

ராசாங்கம் கைய நீட்டிச் சாவியத் திருப்பினாரு. எஞ்சின் அடங்குச்சு. ஷெட்டுக்குள்ள மேகம் வர்ற சத்தம்கூடக் கேக்கற மாதிரி ஆயிருச்சு.

"குளுருதான்னு கேட்டேன்ம்மா" அப்படின்னாரு. "சொல்லு. கேக்குறேன்."

"இல்லப்பா" அப்படின்னா அவ. "இங்க வெயில் கொளுத்துது."